பரீட்சையும் ஆசிரியரும்

நமது சர்வகலாசாலைகளின் இணைப்புக் கல்லூரிகளில் ஆண்டுக்கு இருமுறை பரீட்சைகள் நடைபெறுகின்றன. விடைத்தாள்கள் திருத்தப்பெற்று மார்க்குகள் வெளியாகின்றன. தேறினவர் இத்தனை பேர், தவறினவர் இத்தனை பேர் என்ற கணக்கும் வந்துவிடுகிறது. ஆனால் மாணவர்கள் கற்றது யாது, கல்லாது விட்டது யாது என்று கேட்போமாயின் விடை கூற வல்லார் எவருமிலர். வினாத்தாளை இயற்றியவர் ஒருவர். விடைத்தாளைத் திருத்தியவர் மற்றொருவர். வகுப்பில் நின்று பாடஞ் சொன்ன ஆசிரியரோ பெரும்பாலும் இவ்விருவரில் ஒருவரல்லர். தம் மாணவன் எவ்விடத்தில் இடறினான் என்பதை அந்த மார்க்குப் பட்டியல் அவருக்குச் சொல்வதில்லை.

இப்பிரிவினை இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1857-ஆம் வருஷத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் சர்வகலாசாலைகள் ஸ்தாபிக்கப்பட்டபோது, லண்டன் சர்வகலாசாலையே அவற்றுக்கு மாதிரியாயிருந்தது. பாடஞ் சொல்வது கல்லூரிகளின் வேலை. பரீட்சை வைத்துப் பட்டமளிப்பது சர்வகலாசாலையின் வேலை என்பதே அன்றைய ஏற்பாடு. 1904-ஆம் வருஷத்துச் சட்டம், சர்வகலாசாலைகள் தாமே போதிப்பதற்கும் இடங்கொடுத்தது. எனினும் இணைப்புக் கல்லூரிகளைப் பொறுத்தமட்டில் பழைய பிரிவினை நீங்கவில்லை. தேசம் விடுதலை பெற்றபின் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த கமிஷன், 1949-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. சர்வகலாசாலைக் கல்வியில் ஒரேயொரு சீர்திருத்தம் கூறவேண்டுமெனில் அது பரீட்சைச் சீர்திருத்தமே என்பது அக்கமிஷனின் முடிந்த கருத்து.

அதன்பின் ஒன்றுமே நடைபெறவில்லையென்று சொல்வது நியாயமாகாது. 1978 முதல் நமது மாகாணத்துக் கல்லூரிகள் சில தன்னாட்சி பெற்றுத் தாமே பரீட்சை நடத்தலாயின. நூறு மார்க்கில் ஒரு பகுதியை அகமதிப்பீடு என்னும் பெயரால் ஆசிரியரே இடும் வழக்கமும் பரவிவிட்டது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்ஸில் 2018-லும், பல்கலைக்கழக மானியக் குழு 2019-லும் பரீட்சைச் சீர்திருத்த யோசனைகளை வெளியிட்டன. 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கையும், கடைசிப் பரீட்சை ஒன்றையே நம்பியிராமல் இடையிடையே மாணவரின் கல்வியைச் சோதித்து வரவேண்டுமென்று கூறுகிறது. இவை யாவும் ஒரு பொறுப்பை ஆசிரியர் தலைமீது ஏற்றுகின்றன. அப்பொறுப்பைச் சுமக்க அவருக்கு நாம் அளித்த துணை யாது? ஏரைக் கொடாமல் உழச் சொல்வதுபோலன்றோ இருக்கிறது நமது ஏற்பாடு!

உயர்நிலைப் பள்ளி ஆசிரியராக வருபவர் பி.எட். பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். கல்லூரி ஆசிரியருக்கோ தகுதித் தேர்வில் தேர்ச்சியோ ஆராய்ச்சிப் பட்டமோ போதும். அவர் தம் சாஸ்திரத்தில் வல்லவராயிருக்கலாம். எனினும் மனப்பாடம் செய்தவனையும் விஷயம் விளங்கியவனையும் பிரித்துக் காட்டும் வினாவை இயற்றுவது தனியொரு கலை. அதை அவர் எங்கே பயின்றார்? மானியக் குழுவின் பயிற்சி நிலையங்கள் சில வாரப் பயிற்சி அளிக்கின்றன. அது நல்லதே. ஆயினும் பயிற்சி முடிந்து தம் கல்லூரிக்குத் திரும்பியவருக்கு அருகிலிருந்து உதவ ஆளில்லையெனில், கற்றது ஏட்டிலேயே நின்றுவிடும்.

இந்தியா 2014-ல் வாஷிங்டன் ஒப்பந்தத்தின் நிரந்தர அங்கத்தினராயிற்று. அது முதல், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு பாடத்தாலும் மாணவன் அடையும் பயன் இன்னதென்று அளந்து காட்டும் கடமை அழுத்தம் பெற்றது. நோக்கம் உயர்ந்ததே. நடைமுறையில் அது பல இடங்களில் அட்டவணைகளை நிரப்பும் குமாஸ்தா வேலையாய் முடிகிறது. அகமதிப்பீட்டின் கதியும் இதுவே. எல்லோருக்கும் ஏறக்குறைய முழு மார்க்கும் இட்டுவிட்டால் நிர்வாகத்தாரும் பெற்றோரும் மகிழ்வர். இழுத்தவர்க்கெல்லாம் நீண்டுகொடுக்கும் அளவுகோலால் எதைத்தான் அளக்க முடியும்?

இதனால் நஷ்டமடைபவர் யாவர்? வீட்டில் படிப்புச் சொல்லித் தருவோரின்றி, தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதிக்கும் மாணவ மாணவியரே. தமிழில் பயின்று வந்த மாணவன் ஆங்கிலத்தில் விடை எழுதித் தவறும்போது, அவனுக்கு விஷயம் விளங்கவில்லையா, பாஷைதான் வசப்படவில்லையா என்பதைப் பரீட்சை மண்டபம் பிரித்தறியாது. உடனிருக்கும் ஆசிரியரே அறிவார். அதையும் பருவத்தின் முடிவில் அறிந்து பயனில்லை. வகுப்பின் கடைசி ஐந்து நிமிஷத்தில், இன்று விளங்காதது எது என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கும் வழக்கம் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் உண்டு. செலவற்ற இம்முறையால் மறுநாளே குறையைத் திருத்தலாம்.

ஆசிரியர் கையில் அதிகாரம் கொடுத்தால் பாரபட்சம் விளையும் என்பர் சிலர். அந்த அச்சம் முற்றும் ஆதாரமற்றதென்று கூறமாட்டோம். ஆனால் அதற்குப் பரிகாரம் ஆசிரியரை விலக்கி வைப்பதன்று. எவ்விடைக்கு எத்தனை மார்க்கு என்னும் விதிகளை முன்னரே மாணவருக்கு அறிவிப்பதும், விடைத்தாள்களிற் சிலவற்றை ஆசிரியர் இருவர் தனித்தனியே திருத்தி ஒப்பிட்டுப் பார்ப்பதும், திருத்திய தாளைக் குறிப்புகளுடன் மாணவரிடம் திருப்பிக் கொடுப்பதுமே தக்க பரிகாரங்களாம்.

ஆகவே நாம் வேண்டுவது இது. ஒவ்வொரு கல்லூரியிலும் அனுபவமுள்ள ஆசிரியர் சிலரைக் கொண்ட சிறு குழு அமைத்து, வினா இயற்றுவதிலும் விடை மதிப்பிடுவதிலும் மற்றவர்க்குத் துணைபுரியச் செய்க. அவ்வேலைக்கென வாரத்தில் சில மணி நேரத்தைப் போதனைக் கணக்கிலேயே சேர்த்திடுக. காலியான ஸ்தானங்களைக் கௌரவ விரிவுரையாளரைக் கொண்டே நிரப்பிக் காலந்தள்ளுவதை விட்டு, நிரந்தர ஆசிரியரை நியமித்திடுக. அடுத்த ஆண்டு இருப்போமோ இல்லையோ என்று அஞ்சுபவரிடம் அஞ்சாத மதிப்பீட்டை எதிர்பார்த்தல் தகாது.

பட்டங்களை அச்சிடுவது எளிது. அப்பட்டம் பெற்றவர் உண்மையில் கற்றவர் என்று உலகுக்கு உறுதி கூறுவதே அரிது. அவ்வுறுதியைக் கூறத்தக்கவர் ஆசிரியர் ஒருவரே. அவரை நம்புவதும் அவருக்குத் துணை நிற்பதும் சர்க்காரின் கடன், சர்வகலாசாலைகளின் கடன். அக்கடனை இனியும் தாமதியாது செலுத்துவார்களென எதிர்பார்க்கிறோம்.