மூங்கில் வெனீருக்குப் பொதுப் பதப்படுத்தும் கூடம் கோரி மனு

அனுப்புநர்: மாவட்ட மூங்கில் தொழிலாளர் சங்கம்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்
நகல்: மாவட்ட வன அலுவலர், பொது மேலாளர், மாவட்டத் தொழில் மையம்

ஐயா / அம்மையீர்,

முறமும் கூடையும் விற்ற சந்தையைப் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. இன்று மூங்கிலுக்கு நல்ல விலை தருவது அறைகலன்களிலும் சுவர்ப் பலகைகளிலும் ஒட்டும் வெனீர்த் தாள்தான். மூங்கில் உள்ளே பொள்ளலானது என்பதால், பெரும்பாலும் அதைப் பிளாச்சுகளாகப் பிளந்து, சீவி, பசையிட்டுக் கட்டையாக அழுத்தி, அந்தக் கட்டையை ஊறவைத்து மென்மையாக்கி, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனில் சீவியெடுக்கிறார்கள். பிளப்பதும் கணு செதுக்குவதும் எங்கள் கைகளுக்குப் பழகிய வேலை. தடை அதற்கடுத்த கட்டத்தில் இருக்கிறது. பிளாச்சில் மேல்தோல் சற்றே மிஞ்சினாலும் பசை பிடிக்காது. ஈரம் சீராக வற்றாவிட்டால் ஒட்டிய இடம் பின்னர் வாய் பிளக்கும். மாவுச்சத்தைத் தேடி வரும் வண்டு முழுக் கட்டையையும் உளுக்கச் செய்துவிடும். வேகவைத்து, போரிக் அமிலமும் போராக்ஸும் கலந்த நீரில் ஊறவைத்து உலர்த்தினால் இவற்றில் பெரும்பகுதியைத் தடுக்கலாம். தொட்டியும் உலர் அறையும் தனியொரு குடும்பத்தின் சக்திக்கு மீறியவை. ஆகவே சீவும் இயந்திரத்துக்கு முன்பாக இவ்விரண்டையும் பொதுக் கூடமாக அமைத்துத் தருமாறு வேண்டுகிறோம். இவையின்றிப் பயிற்சி மட்டும் அளித்தால், கற்றவர் மறுபடி கூடைக்கே திரும்ப நேரும்.

இயந்திரம் வந்தால் கைவேலை போய்விடும் என்பது இக்கோரிக்கைக்கு எழக்கூடிய முதல் ஆட்சேபம். சீவுவது மட்டுமே இயந்திரத்தின் வேலை. முற்றிய கழியைத் தேர்வதும், பிளப்பதும், நிறம் பார்த்துப் பிளாச்சுகளை இணைசேர்ப்பதும் மனிதர் கையில்தான் இருக்கும். காடு அழியும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. அதை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் மூங்கில் புல்லினம். மூன்று நான்கு ஆண்டு முற்றிய கழிகளை மட்டும் வெட்டி, இளங்கழிகளை விட்டுவைத்தால் புதர் மீண்டும் தழைக்கும். முற்றாத கழி வெனீருக்கும் உதவாது. காட்டைத் தொடாமல் வரப்புகளிலும் தரிசுகளிலும் வளர்க்கலாம். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, வனப்பகுதிக்கு வெளியே வளரும் மூங்கில் 1927ஆம் ஆண்டு இந்திய வனச் சட்டத்தின் மரம் என்ற வரையறையில் அடங்காது. இருந்தும் வழியில் கேள்வி வரும் என்ற பயத்தில் பல உழவர்கள் நடத் தயங்குகிறார்கள். தனியார் நிலத்து மூங்கிலை ஏற்றிச் செல்ல எந்தச் சான்று போதும் என்பதை எழுத்துமூலம் தெளிவுபடுத்தி, கிராம நிர்வாக அலுவலர்களுக்கும் சோதனைச் சாவடிகளுக்கும் தெரிவிக்க வேண்டுகிறோம்.

கூடத்தின் அன்றாடப் பராமரிப்பையும் பயன்பாட்டுக் கட்டண வசூலையும் சங்கமே ஏற்கும். இடம் பார்வையிட வரும் அலுவலரிடம் மாதிரிப் பிளாச்சுகளை அளிக்க ஆயத்தமாக உள்ளோம்.

இப்படிக்கு,
சங்க நிர்வாகிகளும் உறுப்பினர்களும்