நாலு கொடி, ஒரு பிள்ளை

ஜிம்னாஸ்டிக்ஸில் ஒரு பெண்ணுக்கு இருபது வயதாகிவிட்டால் 'பாட்டி' என்று அர்த்தம். இருபத்தைந்து என்றால் கோச். முப்பது என்றால் டி.வி.யில் கமெண்ட்ரி. நாற்பது என்றால் ஆல்பத்தில் பழுப்பேறிய போட்டோ.

நாற்பதைத் தாண்டியவர்களின் தேகப்பயிற்சி பற்றி எனக்கும் கொஞ்சம் தெரியும். கட்டிலுக்கு அடியில் போய்விட்ட ரப்பர் செருப்பை எடுப்பதே எங்கள் வீட்டில் ஒலிம்பிக் ஐட்டம்தான். குனியும்போது ஒரு 'அம்மா', நிமிரும்போது ஒரு 'அப்பா'. பக்கத்தில் உட்கார்ந்து மார்க் போடுவதற்கு மனைவி.

2021 ஜூலையில் டோக்கியோவில் 46 வயதான ஒரு பெண்மணி விறுவிறுவென்று ஓடி வந்து, எகிறி, அந்தரத்தில் சுழன்று இரண்டு காலில் வந்து நின்றார். பெயர் ஒக்ஸானா சுசோவிதினா. (பெயரை ஒரே மூச்சில் சொல்வதே ஒரு குட்டிக்கரணம்.) அது அவருக்கு எட்டாவது ஒலிம்பிக்ஸ். அந்த ஹாலில் அவரோடு போட்டி போட்ட பெண்களில் பலர் அவருடைய மகனைவிடச் சின்னவர்கள்.

இந்த அம்மாளின் கதையை எப்போது யோசித்தாலும், சாதனையைவிட ஒரு கேள்விதான் எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. அது கடைசியில்.

முதலில் அவருடைய ஸ்பெஷாலிட்டியான 'வால்ட்' பற்றி ரெண்டு வரி. அதிகபட்சம் 25 மீட்டர் ஓட்டம். ஓட்டத்தின் முடிவில் ஒரு ஸ்ப்ரிங் பலகை. அதை ஓங்கி மிதித்து எழும்பி, 125 செ.மீ. உயரத்தில் இருக்கும் ஒரு மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி உந்தி, காற்றில் பல்டி அடித்து, முறுக்கி, அந்தப் பக்கம் போய் ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். கால் அரை அடி நகர்ந்தாலும் மார்க் போச்சு. ஓட்டத்தையும் சேர்த்து எல்லாம் சில விநாடிகள்தான். நாம் டவுன் பஸ்ஸைத் துரத்தி ஃபுட்போர்டில் தொற்றிக்கொள்கிற நேரம்கூட இல்லை. இறங்கும்போது உடம்பு எடையைப் போலப் பல மடங்கு பாரம் முழங்காலில் விழும். அதனால்தான் பதினாறு, பதினேழு வயதுக் கால்கள் கேட்கிறார்கள்.

ஒக்ஸானா பிறந்தது 1975 ஜூன் 19-ல், புகாராவில். இன்றைக்கு அது உஸ்பெகிஸ்தான். அன்றைக்கு சோவியத் யூனியன். 13 வயதிலேயே, 1988-ல், சோவியத் ஜூனியர் சாம்பியன். 1991 செப்டம்பரில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் உலக சாம்பியன்ஷிப். அணிக்குத் தங்கம், தரைப் பயிற்சியில் இவருக்குத் தனியாக ஒரு தங்கம், வால்ட்டில் வெள்ளி. உடம்பை மடக்காமல் நீட்டியபடி இரட்டை பல்டி, அதற்குள் ஒரு முழு முறுக்கு - தரைப் பயிற்சியில் அந்த வித்தைக்கு 'சுசோவிதினா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். பதினாறு வயதில் நம் பேர் அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் மட்டும்தான் இருக்கும்.

மெடலோடு ஊர் திரும்பினார். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் நாட்டைக் காணோம்! 1991 டிசம்பரில் சோவியத் யூனியன் கலைந்துவிட்டது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் வந்தது. பிரிந்துபோன நாடுகளில் பல சேர்ந்து, பங்காளிகள் கடைசித் தடவையாக ஒரே பந்தியில் உட்காருகிற மாதிரி, ஒரே அணியாக வந்தன. ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்கள் அணிக்குத் தங்கம். பரிசளிப்பு மேடையில் எந்தக் கொடியை ஏற்றுவது? யாருக்கும் சொந்தமில்லாத ஒலிம்பிக் கொடியையே ஏற்றினார்கள். மேடையிலிருந்து இறங்கிய பெண்கள் ஆளுக்கொரு நாட்டுக்குப் போனார்கள். ஒக்ஸானா உஸ்பெகிஸ்தானுக்கு.

கவனியுங்கள். சோவியத் கொடி ஒன்று, ஒலிம்பிக் கொடி இரண்டு, உஸ்பெக் கொடி மூன்று. மூன்று கொடி மாறியாயிற்று; அந்தப் பெண் வீடு மாறவில்லை. அவர் எங்கேயும் போகவில்லை, கொடிகள்தான் வந்து வந்து போயின.

பழைய பெரிய அணியின் பக்கபலம் போய்விட்டது. இருந்தாலும் உஸ்பெகிஸ்தானுக்காகத் தன்னந்தனியாக இழுத்தார். 1996 அட்லாண்டா. மல்யுத்த வீரர் பகோதிர் குர்பனோவுடன் கல்யாணம். 1999 நவம்பரில் ஆண் குழந்தை. வருஷம் திரும்புவதற்குள் 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் மறுபடி ஆஜர்! நம் வீடுகளில் பிள்ளை பெற்றவளைக் கூஜா தூக்கவிடமாட்டார்கள்.

கதை இந்த இடத்தோடு முடிந்திருந்தால் அவர் ஒரு நல்ல வீராங்கனை, அவ்வளவுதான்.

2002-ல் குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. மூன்று வயது வாக்கில் இருக்கும். டாக்டர்கள் சொன்ன வார்த்தை - ரத்தப் புற்றுநோய்.

உள்ளூரில் அதற்குத் தகுந்த சிகிச்சை கிடையாது. வெளிநாட்டில் இருந்தது, கையில் காசு இல்லை. அப்போது ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் 'டோயோட்டா கொலோன்' என்ற கிளப்பின் பயிற்சியாளர்கள் ஷன்னாவும் பீட்டர் ப்ரூகெமனும், "இங்கே வந்துவிடு, பார்த்துக்கொள்ளலாம்" என்று கூப்பிட்டார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். புது ஊர், புரியாத பாஷை, ஆஸ்பத்திரி பில்.

அந்த பில் சுமார் 1,20,000 யூரோ என்று பத்திரிகைகளில் வந்தது. ஜிம்னாஸ்டிக்ஸ் ஒன்றும் கிரிக்கெட் இல்லை, ஒரு சீஸனில் பங்களா வாங்க. உலக சாம்பியன்ஷிப் மெடல் ஒன்றுக்கு 3,000 யூரோ பரிசு என்று அவரே ஒரு பேட்டியில் கணக்குச் சொல்லியிருக்கிறார். வகுத்துப் பாருங்கள். நாற்பது மெடல்! ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்கக் குதித்தாலும் தேறாத எண்ணிக்கை. இன்னொன்றும் சொன்னார்: நாலு ஐட்டத்திலும் நன்றாகச் செய்தால்தான் வழி. ஒரு ஐட்டத்தை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்த முடியாது என்பதைக் கச்சேரி வித்வான்கள் முதல் கரகாட்டக்காரர்கள் வரை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள்.

காலையில் பயிற்சிக் கூடம், மற்ற நேரம் ஆஸ்பத்திரி. ஜெர்மனியில் கிளப் பந்தயங்கள், வெளியூரில் சர்வதேசப் போட்டிகள். எங்கெல்லாம் பரிசு உண்டோ அங்கெல்லாம் ஓடினார். உலகம் முழுக்க ஜிம்னாஸ்டிக்ஸ் ஜனங்கள் உண்டியல் குலுக்கி உதவினார்கள். 2003-ல் அமெரிக்காவில் அனாஹெய்ம் உலக சாம்பியன்ஷிப். 28 வயது 'பாட்டி' வால்ட்டில் தங்கம் வாங்கினார். அப்போதும் மார்பில் உஸ்பெகிஸ்தான் பெயர்தான். குடியிருப்பு ஜெர்மனி, குதிப்பு உஸ்பெகிஸ்தானுக்கு. 2005-ல் வாங்கிய உலக வெள்ளியும் உஸ்பெகிஸ்தானுக்கே.

2006-ல் ஜெர்மன் குடியுரிமை கிடைத்தது. நாலாவது கொடி. இந்தத் தடவை அவராகவே தேர்ந்தெடுத்தது.

எதிர் வீட்டு ரிடையர்டு சாரிடம் இதைச் சொன்னேன். தேசபக்தி விஷயத்தில் ரொம்பக் கறார். ஒருத்தன் வெளிநாட்டு சோப்பு போட்டுக் குளித்தாலே முகம் சுளிப்பவர்.

"என்ன சார் இது? கட்சி மாறுற மாதிரி நாடு மாறிட்டாங்க. இதான் நிஜமான அந்தர் பல்டி!"

"பிள்ளைக்கு வைத்தியம் பார்க்கத்தான் சார் போனாங்க."

"வைத்தியம் பார்க்கட்டும், வேணாங்கலை. பார்த்துட்டுத் திரும்பி வரவேண்டியதுதானே? அவங்க கொடிக்கு ஏன் குதிக்கணும்? வளர்த்து விட்ட நாடு ஒண்ணு, மெடல் ஒண்ணுக்கா?"

"வளர்த்து விட்ட நாடுதான் 1991-லேயே காணாமப் போச்சே சார்."

கொஞ்ச நேரம் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். நாற்பது மெடல் கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டினேன். விரல் விட்டு ஒருமுறை சரிபார்த்தார் (அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மெண்டில் இருந்தவர்). பிறகு, தேசம், கொடி எல்லாவற்றையும் ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

"அது கெடக்குது... பையன் பொழச்சானா?"

பிழைத்தான். 2008-ல் நோய் போய்விட்டது என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

அதே 2008-ல்தான் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். ஒக்ஸானாவுக்கு வயது 33. அத்தனை வருஷத்தில் ஒலிம்பிக்ஸில் தனி மெடல் ஒன்றுகூட வாங்கியதில்லை. வால்ட் ஃபைனலில் இரண்டு விதமாகக் குதிக்க வேண்டும், இரண்டின் சராசரிதான் மார்க். வட கொரியாவின் ஹாங் உன் ஜாங் 15.650; ஒக்ஸானா 15.575. வெள்ளி! சொந்த மண்ணில் குதித்த சீனாவின் செங் ஃபெய்க்கு வெண்கலம்தான். ஜெர்மன் கொடி ஏறியது.

எதிர் வீட்டு சார் கேட்ட 'ஏன் குதிக்கணும்' என்பதற்கு என் பதில் அந்த மேடையில் இருக்கிறது. கைமாற்று வாங்கியவர்கள் எதிரே வந்தால் சந்துக்குள் புகுந்து போகிற காலம் இது. அவருக்கு அந்த நாடு பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தது. அவர் கையில் இருந்தது அந்தச் சில விநாடி ஓட்டம்தான். அதைக் கொடுத்தார்.

ஜெர்மனிக்காக 2011-ல் மறுபடி உலக வெள்ளி. வால்ட்டில் மட்டும் அவருக்கு உலக சாம்பியன்ஷிப் மெடல்கள் ஒன்பது. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஐந்தாவது இடம். அதோடு போதும் என்றார். நம் அரசியல்வாதிகளின் ஓய்வு அறிவிப்பு மாதிரிதான். 2013-ல் பார்த்தால் மீண்டும் களத்தில். கொடி? உஸ்பெகிஸ்தான்! கடன் தீர்ந்தது, ஊருக்குத் திரும்பியாயிற்று. அங்கேயும் அவரைக் கட்சி மாறி என்று கதவைச் சாத்தவில்லை. 2014 ஆசியப் போட்டியில் வெள்ளி, 2018-ல் இன்னொரு வெள்ளி, இரண்டும் உஸ்பெகிஸ்தானுக்கு.

நடுவில் 2016 ரியோ. நம்மில் பலர் ராத்திரி கண் விழித்துப் பார்த்த வால்ட் ஃபைனல் அது - திரிபுராவின் தீபா கர்மாகருக்காக. 'ப்ரொடுனோவா' என்ற பயங்கரமான வித்தை: மேஜையிலிருந்து எகிறி முன்பக்கமாக இரண்டு பல்டி. கணக்குத் தப்பினால் கழுத்து. தீபா அதைச் செய்து 15.066 வாங்கி நாலாவதாக வந்தார். வெண்கலம் 0.150-ல் போனது. அன்றைக்கு நாமெல்லாம் தீபாவையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதே ஃபைனலில் அதே ப்ரொடுனோவாவை 41 வயதில் ஒக்ஸானாவும் செய்தார். சுற்றி முடித்து, நிற்க முடியாமல் உருண்டு எழுந்தார். ஏழாவது இடம்.

ஆரம்பத்தில் ஒரு கேள்வி பாக்கி வைத்தேன். பையன் குணமாகிவிட்டான், பில் கட்டியாயிற்று, இரண்டு நாட்டுக்கும் மெடல் கொடுத்தாயிற்று. பிறகும் எதற்கு இந்த ஓட்டம்?

எனக்குத் தோன்றுவது இதுதான். வருஷக்கணக்கில் அந்த 25 மீட்டரை அவர் பிள்ளைக்காக ஓடினார். மகனுக்காகக் குதிப்பதைத் தவிரத் தனக்கு வேறு வழியில்லை என்ற பொருள்பட அன்றைக்கே சொல்லியிருக்கிறார். வேறு வழியில்லாமல் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த பாரம் இறங்கிய பிறகு, அதே ஓட்டத்தை ஒரு தடவையாவது சும்மா, ஆசைக்காக, ஓடிப் பார்க்கத் தோன்றாதா? பதினாறு வயதில் பிடித்துப்போய்ச் செய்ததை நாற்பது வயதில் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்கு யாரிடமும் பர்மிஷன் தேவையில்லை.

டோக்கியோவில் ஃபைனலுக்குத் தகுதி பெறவில்லை. கொரோனா காரணமாக ரசிகர்கள் யாரும் இல்லாத காலி ஹால். அவர் குதித்து முடித்ததும், அங்கே இருந்த வீராங்கனைகள், பயிற்சியாளர்கள், அலுவலர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கையை ஆட்டினார். இதுதான் கடைசி என்று அறிவித்தார்.

ஓய்வு அறிவிப்பு பற்றி மேலேயே சொல்லிவிட்டேன். சில மாதத்தில் மறுபடி பயிற்சிக்கு வந்துவிட்டார். 2024 பாரிஸுக்குத் தகுதி பெற, தாஷ்கண்டில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப்பில் இறங்கப்போனவருக்குக் காயம். 48 வயதில் ஒன்பதாவது ஒலிம்பிக்ஸ் தவறியது.

எதிர் வீட்டு சாரிடம் இதையும் சொன்னேன்.

"அடிபட்டா என்ன சார்?" என்றார் சாவகாசமாக. "அந்தம்மாவுக்கு இன்னும் வயசிருக்கு."