எதிரில் ஆள் இல்லாத சிலம்பம்

சிலம்பத்தைப் பற்றிப் பேச நம்மூரில் மேடை ஏறுகிறவர்கள் மூன்று செய்திகளைத் தவறாமல் சொல்கிறார்கள். அது ஐயாயிரம் ஆண்டுப் பழமையுடையது. உலகத்துத் தற்காப்புக் கலைகளுக்கெல்லாம் தாய். போதிதருமர் காஞ்சியிலிருந்து அதைக் கொண்டுபோய்ச் சீனத்துக்குக் கொடுத்தார். திண்டுக்கல் மேடை என்றால் நான்காவதாக விருப்பாச்சி கோபால் நாயக்கரும், அவருடைய ஆதரவில் இப்பகுதியில் தங்கியிருந்த வேலு நாச்சியாரும் வந்துசேர்வார்கள். கைதட்டல் ஓய்ந்ததும் ஏழெட்டு வயதுக் குழந்தைகள் வரிசையாக நின்று கம்பு சுற்றுவார்கள். ஆளுக்கொரு பதக்கம், ஒரு சான்றிதழ், ஒரு புகைப்படம். பிறகு எல்லோரும் கலைந்து போவார்கள்.

இந்த முழு நிகழ்ச்சியிலும் ஒரு கம்பு இன்னொரு கம்பின் மேல் படுவதில்லை. என் குற்றச்சாட்டு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விரிவுரை.

முதலில் பழம்பெருமையைப் பார்த்துவிடலாம். 2011-இல் 'ஏழாம் அறிவு' திரைப்படம் வந்த பிறகு, போதிதருமர் கதையைக் கேள்வி கேட்பவன் இனத்துரோகி என்னும் அளவுக்கு நிலைமை முற்றிவிட்டது. போதிதருமரைப் பற்றிக் கிடைப்பவற்றுள் மிகப் பழைய குறிப்பு, கி.பி. 547-ஐ ஒட்டி யாங் சுவான்ஷி என்பவர் லோயாங் நகரத்து மடாலயங்களைப் பற்றி எழுதிய நூலில் உள்ளது. அது அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. அவர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மகன் என்பது வேறொரு மரபு. அவர் தென்னிந்தியராகவே இருந்திருக்கலாம். அதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் ஷாவோலின் துறவிகளுக்கு அவர் உடற்பயிற்சி கற்பித்ததற்குச் சான்றாகக் காட்டப்படும் 'யிஜின் ஜிங்' என்னும் நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர்கள் காட்டியிருக்கும் முடிவு. இடையில் ஆயிரம் ஆண்டுகள் கிடக்கின்றன. அந்த ஆயிரம் ஆண்டுகளை ஒலிபெருக்கியால் தாண்டிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம்.

சரி, அந்தக் கதை முழுக்க உண்மை என்றே வைத்துக்கொள்வோம். இன்று மாலை முதன்முதலாகக் கம்பைக் கையில் எடுக்கும் பத்தொன்பது வயது மாணவனுக்கு அதனால் என்ன பயன்? அவனுடைய வலது கால் எங்கே நிற்கவேண்டும் என்பதைப் போதிதருமர் வந்து சொல்லப்போவதில்லை. எதிரில் ஒருவர் நின்று அவன் காலைத் தட்டிச் சரிசெய்ய வேண்டும். அந்த ஒருவரைத்தான் நாம் களத்திலிருந்து அப்புறப்படுத்திவிட்டோம்.

இது எப்படி நேர்ந்தது என்பதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. தனியாகச் சுற்றும் கம்பு பார்வைக்கு அழகு. மேடையில் அடங்கும். கைபேசியில் படம் பிடிக்க ஏற்றது. எத்தனை நிமிடம், எத்தனை பேர், கண்ணைக் கட்டிக்கொண்டா, பானைமேல் நின்றுகொண்டா என்று கணக்கிட்டுச் 'சாதனை' என்று பெயர் சூட்டலாம். இருவர் எதிரெதிரே நின்று பயில்வதில் இந்த வசதிகள் கிடையாது. அது மெதுவாக நடக்கும். பார்ப்பவனுக்குச் சலிப்பூட்டும். விரல் நசுங்கும். முதல் மூன்று மாதம் காலடி மட்டும்தான் என்று ஆசான் சொன்னால், கட்டணம் கட்டிய பெற்றோர் வேறு வகுப்பைத் தேடிப் போய்விடுகிறார்கள்.

போட்டிகளில் 'தொடுமுறை' என்று ஒரு பிரிவு இருக்கிறதே, தலைக்கவசம் அணிந்து இருவர் மோதுகிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். இருக்கிறது, மறுக்கவில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். கம்பு பிடித்ததால் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை அரசு வேலைக்குப் போகிறான் என்றால் அதைவிட நல்ல செய்தி என்ன இருக்கிறது? ஆனால் அந்த வாசல் பத்து வயதில் தொடங்கி, தேர்வுகளில் வென்று, மாவட்டம் மாநிலம் என்று ஏறியவர்களுக்கானது. பதினெட்டு வயதில் கல்லூரிக்கு வந்து, 'எனக்கும் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது' என்று சொல்பவனுக்கு இந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. அவன் வீரனும் அல்லன், குழந்தையும் அல்லன். வெறும் தொடக்கநிலை மாணவன். ஒரு கலையின் உடல்நலத்தை அறிய வேண்டுமானால் அதன் வாகையர்களைப் பார்ப்பதைவிட, காலம் கடந்து வந்து நிற்கும் தொடக்கக்காரனை அது என்ன செய்கிறது என்று பார்ப்பதே சரியான வழி.

இங்கே ஜப்பானியரின் கெண்டோவை இழுத்து வருகிறேன். காரணம் இருக்கிறது. என் மாணவர்களில் பலர் அனிமே பார்த்துக் கெண்டோ என்ற சொல்லை அறிந்திருக்கிறார்கள். துளுக்காணம், குறவஞ்சி, நாகம் பதினாறு என்று சிலம்பத்தில் வகைகள் உண்டு என்பதை வகுப்பில் நான் சொன்னபோது, குறவஞ்சியை மட்டும் சிற்றிலக்கியம் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள்.

கெண்டோவுக்கும் நமக்கு இருப்பதுபோன்ற பெருமைப்போதை ஒருகாலத்தில் இருந்தது. அதற்குக் கொடிய விலையும் கொடுத்தது. 1876-இல் வாள் ஏந்தத் தடை வந்தது. 1895-இல் கியோத்தோவில் தற்காப்புக் கலைகளுக்கான பெருஞ்சங்கம் அமைந்தது. 1911-இல் வாட்பயிற்சி பள்ளிகளுக்குள் நுழைந்தது. 1930-களில் அது போர்வெறிக் கல்வியின் கருவியாயிற்று. 1945 தோல்விக்குப் பின் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிருவாகம் பள்ளிகளில் அதைத் தடைசெய்தது. 1952-இல் அனைத்து ஜப்பான் கெண்டோ கூட்டமைப்பு உருவாகி, அடுத்த ஆண்டு அது பள்ளிகளுக்குத் திரும்பியபோது, அவர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது: இனி இந்த வாள் எதற்கு? 1975-இல் அந்தக் கூட்டமைப்பு வெளியிட்ட கொள்கை அறிக்கை, வாளின் நெறிகளைக் கொண்டு மனிதப் பண்பைப் பயிற்றுவதே கெண்டோ என்று வரையறுத்தது. பழமையையும் வெற்றியையும் விட்டுவிட்டுப் பயிற்சியைப் பிடித்துக்கொண்டார்கள்.

அந்தப் பயிற்சியின் அமைப்பைப் பாருங்கள். நான்கு மூங்கில் பட்டைகளைச் சேர்த்துக் கட்டிய வாள். தலை, மணிக்கட்டு, விலா, தொண்டை ஆகியவற்றுக்குக் காப்பு. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காப்புகள் செம்மையடைந்த பிறகுதான், பயமின்றி முழுவேகத்தில் ஒருவரையொருவர் அடித்துப் பழகும் வழி பிறந்தது. காப்பு கோழைத்தனமல்ல, நண்பனை நாளைக்கும் களத்துக்கு வரச்செய்யும் ஏற்பாடு. பயிற்சியில் 'மொத்தோதாச்சி' என்று ஒருவர் உண்டு. பெரும்பாலும் அவர் மூத்தவர். இளையவன் அடிப்பதற்குத் தகுந்த இடத்தைச் சரியான நொடியில் திறந்துகொடுத்து, அந்த அடியைத் தம்மேல் வாங்கிக்கொள்வது அவர் வேலை. கற்பித்தல் என்பதற்கு இதைவிடச் சிறந்த விளக்கத்தை எந்தக் கல்வியியல் நூலிலும் நான் படித்ததில்லை. போட்டியிலோ, வெற்றிப்புள்ளி பெற்றவன் கையை உயர்த்திக் கூத்தாடினால் அந்தப் புள்ளியையே நடுவர் பறித்துவிடலாம். எட்டாம் படித்தேர்வை எழுத நாற்பத்தாறு வயதாவது ஆகியிருக்க வேண்டும். தேறுகிறவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான். அந்த ஒருவரும் மறுநாள் காலை தொடக்கநிலை மாணவனோடு சேர்ந்து அதே அடிப்படை வீச்சுகளைத்தான் வீசுகிறார்.

இவற்றைச் சொல்வது ஜப்பானியரைத் தலையில் தூக்கிவைத்துக்கொள்வதற்காக அல்ல. இவற்றில் பெரும்பகுதி நம் களத்தில் இருந்தவைதாம். கம்பைத் தொடுமுன் காலடி. மண்ணுக்கும் ஆசானுக்கும் எதிரில் நிற்பவருக்கும் வணக்கம். மாணவனின் வீச்சை வாங்கி வாங்கித் தன் கம்பையே தேயக் கொடுக்கும் ஆசான். சான்றிதழ்க் காலத்தில் நாம் முதலில் கழற்றி எறிந்தவை இவையே. மிச்சம் வைத்திருப்பது சுற்றலும் சத்தமும்.

ஆனால் 'அந்தக் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது' என்று முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. அது இன்னொரு பொய். பழைய சிலம்பக் களம் பல ஊர்களில் சாதிக்களமாக இருந்தது. யாருடைய பிள்ளைக்கு யார் கற்றுக்கொடுப்பது, யார் தெருவில் யார் கம்பெடுத்து ஆடுவது என்பதற்கெல்லாம் எழுதாத சட்டங்கள் இருந்தன. பெண் கம்பு பிடிப்பது கதையில் மட்டும் இனித்தது. வேலு நாச்சியாரைப் போற்றிய அதே வாய், வீட்டுப் பெண்ணை வாசலைத் தாண்டாதே என்றது. எனவே நாம் மீட்க வேண்டியது பழைய களத்தை அல்ல. எதிரில் ஓர் ஆள் என்ற அதன் ஏற்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்த ஆள் யாராகவும் இருக்கலாம் என்ற புதிய விதியைச் சேர்க்க வேண்டும்.

இது ஏன் இன்று அவசரமானது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் உடன்படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிநாயகம் கே. சந்துரு குழு 2024 சூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறுகள், சாதி அடையாளங்கள் ஆகியவற்றைப் பள்ளியிலிருந்து அகற்றச் சொன்னது. அகற்றுவது வேண்டியதுதான். ஆனால் கயிற்றை அவிழ்த்த கைக்கு வேறு எதைக் கொடுக்கப்போகிறோம்? ஒரே பேருந்தில் வந்து, ஒரே வகுப்பில் அமர்ந்து, மூன்றாண்டு முழுவதும் ஒருவரையொருவர் தொடாமலே பட்டம் வாங்கிப் போகும் பிள்ளைகளை நான் ஆண்டுதோறும் பார்க்கிறேன். ஒன்றாகச் சோறு உண்பதைவிடக் கடினமானது ஒன்று உண்டு: ஒருவனிடம் உன் மணிக்கட்டை நம்பி ஒப்படைப்பது. அவன் அடியை இழுத்துப் பிடிப்பான் என்று நம்புவது. எந்த நல்லிணக்க உறுதிமொழியும் தராத பாடம் அது.

எங்கள் கல்லூரிப் பின்புறத்தில், கருவேலமரங்களுக்குப் பக்கத்தில், மாலை நான்கரை மணிக்கு மேல் ஒரு முதிய ஆசானிடம் ஏழு பேர் பயில்கிறோம். நாற்பதைக் கடந்தவன் நான் ஒருவன். மற்றவர்கள் என் மாணவர்கள். நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வரும் பெண் விடியலில் மல்லிகை பறித்துவிட்டு வகுப்புக்கு வருகிறாள். ஒட்டன்சத்திரத்து மாணவன் இரவில் காய்கறிச் சந்தையில் மூட்டை ஏற்றுகிறான். வேடசந்தூர்க்காரன் கடைசிப் பேருந்தின் நேரத்தை ஆசானிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவான். இவர்களில் யாரும் மாநிலப் போட்டிக்குப் போகப்போவதில்லை. ஆறு மாதமாகியும் என் இடது பாதம் தன் இடத்தை அறியவில்லை. வகுப்பில் என்னைக் கண்டு எழுந்து நிற்கும் பெண், களத்தில், "ஐயா, முட்டி மடங்கலை" என்று என் காலைத் தன் கம்பால் தட்டுகிறாள். அந்தத் தட்டலில் அவளும் வளர்கிறாள், நானும் திருந்துகிறேன்.

திடலைக் கேட்டுப் போனபோது அலுவலகத்தில் எங்களிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "எந்தப் போட்டிக்கு?" எந்தப் போட்டிக்கும் இல்லை என்றோம். "பிறகு எதற்கு?" என்றார்கள். நம் காலத்தின் கல்விக் கொள்கை முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டது. மரத்தடியில் பயில்வது அதனால்தான்.

கல்லூரியில் கம்பா, வன்முறையை வளர்ப்பதா என்று அஞ்சும் நல்ல உள்ளங்களுக்கும் ஒரு சொல். நம் மாவட்டத்துக் காந்திகிராமத்தில், காந்தியர்கள் உருவாக்கிய நிறுவனத்தில், மாணவர்களுக்குச் சாந்தி சேனை என்ற அமைதிப் படைப் பயிற்சி இருந்தது. அமைதிக்கும் பயிற்சி வேண்டும், அதை உடலுக்கும் சொல்லித்தர வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். அடிக்கத் தெரியாதவன் அடிக்காமலிருப்பது அமைதியல்ல. அது வெறும் வாய்ப்பின்மை. அடிக்கத் தெரிந்தவன், எதிரில் நிற்பவன் நாளைக்கும் வரவேண்டும் என்பதற்காகக் கம்பை ஒரு விரற்கடை முன்னால் நிறுத்துகிறானே, அதற்கு அமைதி என்று பெயர்.

ஆகவே என் கோரிக்கைகள் எளியவை. ஒவ்வொரு கல்லூரியும் வாரத்தில் மூன்று மாலை, ஒரு மணி நேரம், திடலின் ஒரு மூலையைத் தொடக்கக்காரர்களுக்கு ஒதுக்கட்டும். தேர்வு வேண்டாம், பதக்கம் வேண்டாம், சான்றிதழ் அறவே வேண்டாம். தலைக்கும் கைக்கும் காப்பு வாங்கித் தரட்டும். ஆண்டுவிழாவுக்குக் கட்டும் பந்தல் செலவில் அது அடங்கும். ஊரில் மிஞ்சியிருக்கும் ஆசான்களுக்குப் பொன்னாடைக்குப் பதிலாக மாதச் சம்பளம் கொடுக்கட்டும். இன்னாருடன் இன்னார் என்று சோடி சேர்ப்பதை ஆசான் நாள்தோறும் மாற்றட்டும். ஒரே தெருக்காரர்கள் ஒருவரோடொருவர் மட்டும் ஆடிக்கொண்டிருக்க வேண்டாம்.

இதைப் படித்துவிட்டுத் தமிழன் பெருமையைக் குலைக்கிறான் என்று எழுத முனைபவர்களுக்கு முன்கூட்டியே ஒரு விண்ணப்பம். தாய்க்கலை என்கிறீர்கள், மகிழ்ச்சி. எழுதுவதற்கு முன் ஒரு மாலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எந்தச் சாதி, எந்த வகுப்பு என்று கேட்காமல் ஒரு மாணவனின் எதிரில் நின்று, அவன் வீச்சைப் பத்துமுறை உங்கள் கம்பில் வாங்குங்கள். கை வலிக்கும். அந்த வலி தணிந்த பிறகும் ஐயாயிரம் ஆண்டைப் பற்றி எழுதத் தோன்றினால், எழுதுங்கள்; படிக்கக் காத்திருக்கிறேன்.