ரெண்டு பேருக்கு எதுக்குங்க முழு வான்கோழி?

நவம்பர் பொறந்தா போதும். இங்க அமெரிக்காவில் எந்த சூப்பர் மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சாலும் நட்டநடுவுல ஒரு பெரிய ஃப்ரீசர் தொட்டி இருக்கும். அதுக்குள்ள கருங்கல்லு மாதிரி உறைஞ்சு கிடக்கிற வான்கோழிகள். 12 பவுண்டு, 16 பவுண்டு, 20 பவுண்டுன்னு ஒவ்வொண்ணும் ஒரு கைக்குழந்தை கனம். தேங்க்ஸ்கிவிங் வரப்போகுதுன்னு அர்த்தம். புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேரா வந்து, இருக்கிறதுலயே சின்னதைத் தேடி, கை விறைச்சுப் போக ஒவ்வொண்ணா புரட்டிப் பாக்கிற ஜோடிகளை வருஷா வருஷம் பாக்கிறேன். கடைசியில 12 பவுண்டு ஒண்ணைத் தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு கிளம்பிடுவாங்க. அவங்ககிட்ட போய் நாலு வார்த்தை சொல்லணும்னு வாய் வரைக்கும் வரும். முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் இங்க வந்து கொட்டுறேன் :-)

என் கட்சி இதுதான். ரெண்டு பேர் இருக்கிற வீட்டுல முழு வான்கோழி வாங்கக் கூடாது. ஆனா ரெண்டே பேர்தானேன்னு விருந்தையும் விட்டுடக் கூடாது.

வெள்ளைக்கார நண்பர்கள் பலரும் ரெண்டாவதை ஒத்துக்குவாங்க, முதல்ல சொன்னதுக்கு முகத்தைச் சுளிப்பாங்க. முழுசா ஒரு பறவை மேஜை மேல இல்லேன்னா அது என்ன தேங்க்ஸ்கிவிங்னு கேப்பாங்க. நம்ம மக்கள் நேர் எதிர். எங்க வீட்டுத் தங்கமணியையே எடுத்துக்குங்க. பொண்ணுக்கு இந்த வருஷம் அன்னிக்கு ஆஸ்பத்திரி டூட்டி, வர முடியாதுன்னு போன் வந்தது. வெச்ச அடுத்த நிமிஷமே, "ரெண்டு பேருக்கு எதுக்கு அத்தனையும்? ஒரு ரசத்தை வெச்சு அப்பளம் பொரிச்சா போதாதா?"ன்னுட்டாங்க. இந்த வசனத்தை நம்ம அம்மா, அத்தை, பாட்டி எல்லார் வாயிலயும் கேட்டிருப்பீங்க. பிள்ளைங்க வந்தா வடை, பாயசம், கறி, மீன். அதுங்க ரயிலேறிட்டா அடுத்த வேளையிலிருந்து மோர்சாதம், ஊறுகாய். எதிர்ல உக்காந்து சாப்பிடுற மனுஷன் கணக்குலயே வரமாட்டான். தனக்குன்னு செஞ்சுக்கிறது அதைவிட மோசம், அது ஏதோ குத்தம் மாதிரி. எனக்கு இதுல ரொம்ப நாளா மனத்தாங்கல் உண்டு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

இந்தப் பண்டிகைக்கும் முழுப் பறவைக்கும் சட்டப்படி ஒரு சம்பந்தமும் கிடையாது. 1863ல லிங்கன் நவம்பர் கடைசி வியாழனை நன்றி சொல்ற நாளா அறிவிச்சார். 1941ல காங்கிரஸ் சட்டம் போட்டு நாலாவது வியாழன்னு நிலைச்சது. எதைச் சாப்பிடணும், எத்தனை பவுண்டுன்னு அதுல ஒரு வரி இல்ல. நம்ம மனசுல இருக்கிற அந்தப் பெரிய பறவை பெருமளவு ஒரு படத்துலேருந்து வந்தது. 1943ல நார்மன் ராக்வெல் வரைஞ்சு சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் பத்திரிகையில வந்த ஓவியம், நீங்களும் எங்கயாவது பார்த்திருப்பீங்க. பாட்டியம்மா ஒரு பெரிய தட்டுல முழு வான்கோழியை மேஜையில வைக்கிறாங்க, பின்னாடி தாத்தா, சுத்தி ஒரு பெரிய குடும்பம். நல்ல படம்தான். ஆனா அதுல இருக்கிறது கூட்டத்துக்கான பறவை. எடுத்துட்டு வந்து வைக்கும்போது ஒரு மேஜையே நிமிர்ந்து பாக்கணும். ரெண்டு பேர் வீட்டுல அதை யாருக்குக் காட்டப் போறோம்? அடுப்பிலேருந்து எடுக்கிறதும் நாமதான், நிமிர்ந்து பாக்கிறதும் நாமதான்.

இதுல ஒரு சுவாரசியமான கதை இருக்கு. சின்னக் குடும்பத்துக்கு சின்ன வான்கோழி வேணும்னு அமெரிக்க அரசாங்கமே ஒரு காலத்துல யோசிச்சது. மேரிலாந்துல பெல்ட்ஸ்வில்ங்கிற ஊர்ல விவசாயத் துறையோட ஆராய்ச்சிப் பண்ணை இருக்கு. 1930கள்ல அங்க உக்காந்து, அடுக்குமாடி வீட்டுச் சின்ன அடுப்புக்கும் சின்ன ஐஸ்பெட்டிக்கும் அடங்குற மாதிரி ஒரு வெள்ளை வான்கோழி இனத்தை உருவாக்கினாங்க. பேரு பெல்ட்ஸ்வில் ஸ்மால் ஒயிட். பெட்டை சுமார் 10 பவுண்டு, சேவல் சுமார் 17. 1950கள் வரைக்கும் நல்லா ஓடுச்சு. அப்புறம் ஓட்டல்காரங்களுக்கும் கறியை வெட்டிப் பதப்படுத்துற கம்பெனிகளுக்கும் பெரிய பறவைதான் லாபம்னு ஆகி, அகல நெஞ்சு வெள்ளை வான்கோழி சந்தையை மொத்தமா பிடிச்சிடுச்சு. 1970கள்ல பெல்ட்ஸ்வில் பறவை காணாமப் போற நிலைமை. இப்போ அபூர்வ இனம் வளர்க்கிற சிலர்கிட்டதான் இருக்கு. இன்னிக்கு கடையில கிடக்கிற அகல நெஞ்சுப் பறவைக்கு நெஞ்சுக்கறி அவ்வளவு பெருசு, இயற்கையா இணை சேரவே முடியாது, எல்லாமே செயற்கைக் கருவூட்டல்தான். சின்னக் குடும்பம் நாட்டுல குறையல. சின்னப் பறவைதான் கடையிலேருந்து போயிடுச்சு.

இன்னொரு காரணம் இருக்கு, எனக்கு அதுதான் முக்கியம். முழு வான்கோழி சமையல் கணக்குப்படியே கோளாறான விஷயம். கோழி இனம் எதுவானாலும் உள்சூடு 165 டிகிரி ஃபாரன்ஹீட் (74 செல்சியஸ்) வந்தாதான் பாதுகாப்புன்னு விவசாயத் துறை சொல்லுது. செஸ்ட் பீஸுக்கு அது போதும். அதைத் தாண்டினா பஞ்சு, அப்புறம் சுண்ணாம்பு. தொடைக்கு அது பத்தாது. அதுல இருக்கிற சவ்வு கரைஞ்சு கறி பொலபொலன்னு ஆகணும்னா 175, 180 வரைக்கும் போகணும். ரெண்டையும் ஒரே உடம்புல ஒட்டவெச்சு ஒரே அடுப்புல தள்ளினா என்ன ஆகும்? தொடைக்காகக் காத்திருந்து நெஞ்சைக் காயவைக்கிறோம். இதைச் சமாளிக்க இந்த ஊர்க்காரங்க படுற பாடு இருக்கே! நெஞ்சுக்கு மேல அலுமினியத் தாள் போத்துறது, தோலுக்குக் கீழ வெண்ணெய் திணிக்கிறது, தலைகீழாப் போட்டு வேகவைக்கிறது, கொல்லையில அண்டா வெச்சு எண்ணெயில முக்கிப் பொரிக்கிறது. சந்தேகம் கேக்கறதுக்குன்னே பட்டர்பால் கம்பெனி 1981லேருந்து தனியா ஒரு போன் லைன் நடத்துதுன்னா பாத்துக்குங்க.

நம்ம ஊர்ல கறி சமைக்கிற யாராவது ஈரலையும் தொடைக்கறியையும் ஒண்ணா சட்டியில போட்டு ஒரே நேரத்துல இறக்குவாங்களா? எலும்புக்கறியை முதல்ல வேகவிட்டு, ஈரலைக் கடைசியில போடுற ஞானம் நம்ம சமையலறைக்கு எப்பவோ வந்தாச்சு. வான்கோழின்னு வந்ததும் மட்டும் அதை ஏன் மறக்கணும்?

"முழுசா வாங்கினா விலை மலிவு சார்"னு ஒரு வாதம் வரும். நிஜம்தான். தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின வாரங்கள்ல உறைஞ்ச முழுப் பறவையை ஆளை இழுக்கிறதுக்காகவே கடைக்காரங்க அடிமாட்டு விலைக்குப் போடுவாங்க. சில இடத்துல இத்தனை டாலருக்கு சாமான் வாங்கினா பறவை இலவசம். பவுண்டு கணக்குல துண்டுகள் விலை கூடத்தான். ஆனா 12 பவுண்டுப் பறவையில எலும்பெல்லாம் கழிச்சு சுமார் 5 பவுண்டு கறி தேறும். ரெண்டு பேர் அன்னிக்கு ராத்திரி மூச்சுமுட்டத் தின்னாலும் ஒரு பவுண்டு. மீதி 4 பவுண்டு? ஃப்ரிட்ஜுல மூணு நாலு நாள்தான் வெச்சுக்கலாம். இதுல அந்தக் கல்லை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சு உறைநிலை விட மூணு நாள் (4, 5 பவுண்டுக்கு ஒரு நாள் கணக்கு), வேகறதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல. வெள்ளிக்கிழமை சாண்ட்விச், சனிக்கிழமை சூப், ஞாயித்துக்கிழமை டப்பாவைத் திறந்து பாத்துட்டு மூடுறது, திங்கக்கிழமை குப்பை. இதுல மலிவு எங்க இருக்குன்னு எனக்குப் புரியல.

"மிச்சத்தை பிரியாணி போட்டுடுவேன்"ங்கிறவங்களுக்கு: ஒருதடவை வெந்து காய்ஞ்ச நெஞ்சுக்கறியை எந்த மசாலாவும் காப்பாத்தாதுங்க. பச்சைத் தொடைக்கறியில நேரடியாப் போட்டா அருமையான பிரியாணி. அது வேற சப்ஜெக்ட்.

அப்போ என்னதான் பண்றது? நான் எலும்போட இருக்கிற தொடை ரெண்டு வாங்குவேன், ரெண்டும் சேர்ந்து ஏறக்குறைய 2 பவுண்டு. தட்டுல அடுக்கி வெச்சிருப்பாங்க, இல்லேன்னா இறைச்சி கவுண்டர்ல கேளுங்க. தொடைக்குக் கீழ இருக்கிற காலை வாங்காதீங்க, உள்ள குச்சி குச்சியா நரம்பு, வாய்ல மாட்டிக்கும். அதே அலமாரியில புகை போட்ட துண்டுகளும் இருக்கும், அது கீரை வேகவைக்கிறதுக்கு, கை தவறி எடுத்துடாதீங்க. லேபிள்ல உப்புத் தண்ணி ஏத்தினதுன்னு போட்டிருந்தா நீங்க போடுற உப்பைக் குறைச்சுக்குங்க. வீட்டுக்கு வந்ததும் மஞ்சத்தூள் போட்டுக் கழுவணும்னு கை பரபரக்கும். வேண்டாம். கழுவினா கிருமி சிங்க் முழுக்கத் தெறிக்கும்னுதான் விவசாயத் துறையும் சொல்லுது, கிருமி சாகிறது சூட்டுலதான்.

முதல் நாளே கல்லுப்பு மாதிரி இருக்கிற கோஷர் உப்பை ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட எடுத்து, மிளகுத்தூள், நுணுக்கின சேஜ் இலையோட தடவி, மூடாம ஃப்ரிட்ஜுல வெச்சிடுவேன். இந்த உலர் உப்பு முறையை சான் பிரான்சிஸ்கோ ஜூனி கஃபே ஜூடி ராஜர்ஸ் கோழிக்குச் செஞ்சாங்க. 2006ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்ல ரஸ் பார்சன்ஸ் அதை வான்கோழிக்குக் கொண்டு வந்தார். அவர் கணக்கு 5 பவுண்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன். வாளியில உப்புத்தண்ணி கரைச்சு ஊறவைக்கிற கூத்தெல்லாம் தேவையே இல்ல. தோலும் காய்ஞ்சு மொறுமொறுன்னு வரும்.

மறுநாள் ஒரு தட்டுல வெங்காயம், கேரட், செலரியைத் துண்டு போட்டு, மேல தொடையை தோல் பக்கம் மேலே இருக்கிற மாதிரி வெச்சு, 350 டிகிரியில ஒண்ணேகால், ஒண்ணரை மணி நேரம். தெர்மாமீட்டரை எலும்புல படாம குத்திப் பாத்து 175 தாண்டினதும் எடுத்து, கால் மணி நேரம் சும்மா விடணும். டோஸ்டர் அவன் போதும். செஸ்ட் பீஸ்தான் வேணும்னா எலும்போட பாதி நெஞ்சு, 325 டிகிரி, 165 வந்ததும் வெளிய. தங்கமணிக்கு அதுதான் இஷ்டம், எனக்கு ஆகாது. அந்தத் தகராறு தனி.

தட்டுல இறங்கின நெய்யில ரெண்டு ஸ்பூன் எடுத்து, ரெண்டு ஸ்பூன் மைதா வறுத்து, ஒரு கப் ஸ்டாக் ஊத்தினா ரெண்டு பேருக்கு கிரேவி. பழைய ரொட்டி நாலு ஸ்லைஸ், அரை வெங்காயம், ஒரு செலரித் தண்டு, வெண்ணெய், சேஜ், கொஞ்சம் ஸ்டாக் எல்லாம் பிசறி சின்னக் கிண்ணத்துல அதே அடுப்புல அரை மணி வெச்சா ஸ்டஃபிங். கிரான்பெரி பாக்கெட்ல பாதி, அதாவது 6 அவுன்ஸ், அரை கப் சர்க்கரை, அரை கப் தண்ணி. பத்து நிமிஷத்துல பட்டுபட்டுன்னு வெடிச்சு கெட்டியாகும். நம்மூர் களாக்காய் புளிப்புதான் கிட்டத்தட்ட. நான் ஒரு பச்சைமிளகாயும் துளி இஞ்சியும் போட்டுடுவேன். பீன்ஸ் கேசரோல்னு ஒண்ணு செய்வாங்க, 1955ல கேம்ப்பெல் சூப் கம்பெனி சமையலறையில பொறந்த ஐட்டம். அதுக்குப் பதிலா எங்க வீட்டுல தேங்காய் போட்ட பொரியல். பூசணிப் பை பேக்கரியில ரெண்டு துண்டு. முழு பை கண்டிப்பாக் கூடாது, அதுக்கும் வான்கோழிச் சட்டம்தான்.

ரெண்டு பேர்னு சொன்னா பரிதாபப்படுறவங்க இருக்காங்க. "ஐயோ, நீங்க ரெண்டே பேரா? எங்க வீட்டுக்கு வந்துடுங்க"ன்னு. நல்ல மனசு, தப்பே சொல்ல மாட்டேன், சில வருஷம் போயும் இருக்கேன். ஆனா ஹாஸ்டல் மூடினப்புறம் ஒரே ரூம்ல தங்கிட்ட ரெண்டு பசங்க, ஊர்லேருந்து வந்து இன்னும் பனியே பழகாத புதுப்பொண்ணும் மாப்பிள்ளையும், அம்மா போன பிறகு அப்பாவும் பையனுமா இருக்கிற வீடு, எங்களை மாதிரி கூடு காலியான கேஸுங்க, இவங்க யாரும் கூட்டத்துல பாதி இல்லீங்க. ரெண்டு பேர்ங்கிறது முழு எண்ணிக்கை. நல்ல தட்டை அலமாரியிலேருந்து எடுக்க நாலு பேர் வரணும்னு காத்திருந்தா அது அங்கேயே இருக்கும். இந்த வருஷம் தங்கமணிகிட்ட ரசம் வேணாம்னு அடிச்சுச் சொல்லிட்டேன். முறைப்பு கொஞ்ச நாள் இருந்தது. நேத்து பாத்தா, எந்த மேஜை விரிப்புன்னு கேட்டாங்க.

எலும்பைத் தூக்கிப் போடாதீங்க. குக்கர்ல வெங்காயத்தோட வேகவெச்சா மூணு நாலு கப் ஸ்டாக் கிடைக்கும். வெள்ளிக்கிழமை அதுல மிளகு ரசம். அதுக்கு அப்பளம் பொரிச்சுக்கலாம்.

பி.கு: தெர்மாமீட்டர் இல்லாம கண்ணால பாத்தே வெந்துடுச்சுன்னு சொல்ற மகானுபாவர்கள் இருக்கீங்கன்னு தெரியும். பதினஞ்சு டாலர்தாங்க, வாங்கிடுங்க.