தம்பி வாயில் புதினா வாசனையா?

கண் சிவந்திருக்கா, வாடை அடிக்குதான்னுதான் வீட்டில் பார்ப்பாங்க. 'கூல் லிப்' அதில் சிக்காது. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொள்ளும் சின்னப் புகையிலைப் பை. புகையே இல்லை, வாசனையோ புதினா. தமிழ்நாட்டில் தடை இருந்தும் மாணவர்கள் கைக்குப் போகிறதே, நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே கேட்டது.

ஈறில் வெள்ளைத் திட்டு, ஆறாத புண், அடிக்கடி துப்புவது, கணக்கு சொல்லாத பாக்கெட் மணி எல்லாம் சேர்ந்து தெரிந்தால் கவனிங்க. (வெறும் வாய்ப்புண் யாருக்கும் வரும்!) பையைக் குடைந்து அப்பாகிட்ட போட்டுக்கொடுத்தால், அடுத்த முறை ஒளிக்கும் இடம்தான் மாறும். தனியா உட்கார்ந்து, "எப்போடா ஆரம்பிச்சே?"ன்னு கேளுங்க. விட்ட முதல் சில நாள் எரிந்து விழுவான், தூக்கம் வராது. அது நிகோட்டின் விடுபடும் அறிகுறி, திமிர் இல்லை. புண்ணைப் பல் டாக்டரிடம் காட்டுங்க. மனசுவிட்டுப் பேச டெலி மனஸ் 14416, தமிழிலேயே, இலவசமா.