மேஜைக்கு அடியில ஒரு பொட்டி

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, எங்க டீம்ல புதுசா சேர்ந்த பையனுக்கு செம டோஸ். "டெஸ்ட் முடியறதுக்கு முன்னாடி ஏன் மெர்ஜ் பண்ணே?" புனேவுல எட்டு வருஷமா ஆணி புடுங்கறேன் மக்களே, எனக்கு அவன்மேல கோபமே வரலை. ஒரு வரி மாத்தினாலும் 40 நிமிஷம் உக்காரணும்னா யார் உக்காருவா? நானே எத்தனையோ தடவை காத்திருக்காம தள்ளி விட்டிருக்கேன். மாட்டிக்கிட்டது அவன், அவ்வளவுதான்.

திங்கக்கிழமை மீட்டிங். "எல்லாரும் பொறுப்பா இருக்கணும்"னு ஒருத்தர். "டெஸ்டைக் குறைச்சுடலாமே"ன்னு இன்னொருத்தர். டெஸ்ட் ஓடற மெஷினைப் பத்தி யாரும் மூச்சே விடலை.

அந்த வாடகை மெஷின் லட்சணத்தைப் பாருங்க. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ்ல பிரைவேட் கோடுக்கு வழக்கமாக் கிடைக்கிற லினக்ஸ் மெஷின்ல 2 விசிபியூ. விசிபியூன்னா பெரும்பாலும் முழு கோர் கூட இல்லை, ஒரு கோர்ல ஒரு த்ரெட். அதுவும் ஒவ்வொரு தடவையும் புதுசாப் பொறக்குது. லைப்ரரி இறக்கணும், டாக்கர் இமேஜ் இழுக்கணும், டேட்டாபேஸ் கட்டணும், முடிஞ்சதும் எல்லாம் அழிஞ்சிரும். கேஷ் இருக்கேன்னா, அதுவும் நெட்வொர்க் வழியாத்தான் வரணும். ஒரு காபி போடறதுக்காக தினமும் கல்யாண மண்டபம் பிடிச்சு, பாத்திரம் இறக்கி, திருப்பி அனுப்பற கதை. பெரிய மெஷின் கேட்டா கிடைக்கும், நிமிஷக் கணக்கு வாடகையும் சேர்ந்து ஏறும்.

ஆபீஸ்ல சும்மா கிடந்த 16 கோர் டெஸ்க்டாப்பை என் மேஜைக்கு அடியில வெச்சேன். இமேஜும் லைப்ரரியும் உள்ளேயே என்விஎம்இ டிஸ்க்ல இருக்கு. டெஸ்ட் டேட்டாபேஸ் ரேம்ல. டெஸ்டை 12 பங்காப் பிரிச்சு ஒரே நேரத்துல ஓட்டினேன். 40 நிமிஷம் 7 ஆச்சு.

உடனே "யார் பராமரிப்பா, பாதுகாப்பு என்ன ஆகும்?"னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஊர்பேர் தெரியாதவங்க கோடு அனுப்பற பொதுத் திட்டத்துக்கு இப்படி வைக்காதீங்கன்னு கிட்ஹப்பே எச்சரிக்குது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது கன்டெய்னர் வேணும், இல்லைன்னா நேத்து மிச்சத்துல இன்னிக்கு டெஸ்ட் பாஸ் ஆயிரும். யூபிஎஸ் வேணும். வாரத்துக்கு அரை மணி நேர வேலை. டீம்ல ஆளுக்கு 33 நிமிஷம், அதுவும் ஒவ்வொரு மாத்தத்துக்கும் மிச்சம்னா எது லாபம்? 2025-ல வந்த ரெயில்ஸ் 8.1, டெவலப்பர் மெஷின்லயே மொத்த டெஸ்டையும் ஓட்டற வசதியோடதான் வந்துச்சு.

ஆனா இதே மாதிரி இன்னொரு பொட்டி வாங்க மூணு அப்ரூவல் கேக்கறாங்க. மாசாமாசம் வர்ற கிளவுட் பில்லுக்கு ஒரு கேள்வி கிடையாது!

அந்தப் பையன் இப்போ மெர்ஜுக்கு முன்னாடி கீழே போய் ஒரு கட்டிங் சாய் குடிச்சிட்டு வர்றான். வந்து பாத்தா ரிசல்ட் ரெடி. அவனுக்குப் பொறுப்பு அன்னிக்கும் இருந்துச்சு சாமி, மெஷின்தான் இல்லை.