ஆண்ட பரம்பரையும் ஒரு வெள்ளிக்காசும்

கோவை, கரூர் வட்டாரத்தில் ரோம வெள்ளிக்காசுகள் குவியல் குவியலாகக் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களின் காசுகள். "ரோமனே நம்மைத் தேடி வந்தான்" என்று மேடையில் முழங்குகிறோம். காசில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பதில்லை.

படிப்போம் தோழர்களே. திபேரியஸ் தலையைச் சுற்றி இலத்தீனில் இருப்பது: 'தெய்வமான அகஸ்டஸின் மகன்'. அகஸ்டஸ் காசில்: 'தெய்வத்தின் மகன்'. இந்தத் தெய்வம் ஜூலியஸ் சீசர். இவர்களைத் தெய்வமாக்கியது ரோமின் செனட் சபைத் தீர்மானம். சீசருக்கு கி.மு. 42இல், அகஸ்டஸுக்கு கி.பி. 14இல்.

இன்னொன்று, இந்த இரண்டு 'மகன்'களுமே தத்துப்பிள்ளைகள். தத்தெடுப்பதில் தவறில்லை. அதைத் தெய்வ வாரிசுரிமையாக்கி, ஆளும் உரிமை கேட்டதுதான் மோசடி. புனிதப் பரம்பரை தானாக வருவதில்லை, அதிகாரம் எழுதி வைப்பது.

நம் ஊர்ச் சுவர்களில் 'ஆண்ட பரம்பரை' என்று எழுதுகிறவர்கள் செய்வதும் இதுதான். அந்தப் பெருமை பள்ளிக்கூடத்தில் கையில் கட்டும் வண்ணக் கயிறாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியலின மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டார்கள். கைதானவர்களில் அவனோடு படித்தவர்களும் இருந்தார்கள். அதன்பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் அந்தக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. கயிற்றை அறுக்கலாம். கதையை யார் அறுப்பது?

கசப்பான ஒன்றையும் சொல்கிறேன். "நாங்களும் ஆண்டவர்கள்தான்" என்று நம் இளைஞர்களே பதாகை வைக்கிறார்கள். அவமானப்பட்டவனின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் ஆண்டிருந்தால்தான் மரியாதை என்றால், ஆளாதவனுக்கு மரியாதை இல்லை என்று நாமே ஒப்புக்கொள்கிறோம். எதிரியின் தராசில் ஏறி நின்று எடை கேட்பது விடுதலையா?

கி.பி. 64இல் நீரோ காசின் எடையையும் வெள்ளியையும் குறைத்தான். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் இந்தியாவில் அரிது. இங்கே காசை வாங்கியவர்கள் தெய்வத்தைப் பார்க்கவில்லை, வெள்ளியைப் பார்த்தார்கள் என்பதே ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த ரோமத் தங்கக்காசுகள் பலவற்றில் பேரரசன் முகத்தின் குறுக்கே உளிவெட்டே இருக்கிறது.

சுரங்கத்தில் வெள்ளி தோண்டிய அடிமையின் பெயர் எந்தக் காசிலும் இல்லை. மிளகு பறித்தவர், மூட்டை சுமந்தவர் பெயரும் இல்லை. நாம் கேட்க வேண்டியது அவர்கள் கணக்கை.

சேலையூர், தாம்பரம் பிள்ளைகளை மின்சார ரயிலில் எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே ஒரே கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இந்த வெள்ளியைத் தோண்டியது யார்?